‘ஏ/எல்’ போட்டால் ஏற்காத படிவம்

மாணவர்களே, இயங்கலையில் ஏதாவது ஒரு படிவத்தை நீங்கள் நிரப்பியிருப்பீர்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்டு ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துவீர்கள். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்: ‘பெயரில் செல்லாத குறி உள்ளது.’ எந்தக் குறி என்று தேடினால், அப்பா பெயருக்கு முன்னால் இருக்கும் ‘ஏ/எல்’லில் உள்ள சாய்கோடுதான் அது. பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்த சாய்கோடு!

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஓர் உபகாரச் சம்பள விண்ணப்பம். கடைசி நாள், இரவு 11 மணி. சாய்கோட்டை எடுத்துவிட்டு ‘ஏஎல்’ என்று சேர்த்து எழுதியதும் படிவம் ஏற்றுக்கொண்டது. நேர்காணலுக்குப் போனபோது, விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லையே என்று கேட்டார்கள். இரண்டும் நான்தான் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகே உள்ளே விட்டார்கள். அந்தப் படிவத்தை எழுதிய நிரலாளர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். பெயர் என்றால் ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் மட்டும்தான் என்று அவர் நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இன்று அந்த நிரலாளரின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பயனர் தட்டி அனுப்பும் உள்ளீட்டை வழங்கியில் எப்படிச் சரிபார்ப்பது? எதை மறுப்பது, எதை ஏற்பது?

அத்தையின் கொய்யாக் கடை

பீடோர் சாலையோரத்தில் கொய்யாவும் பெத்தாயும் விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உங்கள் அத்தைக்கு ஒரு கொய்யாக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். புலனத்தில் வரும் ஆர்டர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி அவருக்குச் சலித்துவிட்டது. “நீதான் கணினி அறிவியல் படிக்கிறியே, ஏதாச்சும் செஞ்சு குடுய்யா” என்கிறார். நீங்கள் ஒரு வலைப்பக்கம் செய்கிறீர்கள். (படிவம் நான்கில் படித்துக்கொண்டே படிவம் எழுதுகிறீர்கள்!) அதில் ஐந்து கட்டங்கள்: பெயர், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, எத்தனை கிலோ, எந்த ஊரில் கொண்டுவந்து தர வேண்டும். ஊருக்கு மட்டும் ஒரு பட்டியல் வைக்கிறீர்கள். பீடோர், தாப்பா, ஸ்லிம் ரிவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

எச்டிஎம்எல் மொழியிலேயே சரிபார்ப்புக்குச் சில வசதிகள் உண்டு. ‘இந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது’, ‘இங்கே எண் மட்டும்’, ‘குறைந்தது 1, அதிகம் 50’ என்றெல்லாம் எழுதிவைக்கலாம். தவறாகத் தட்டினால் உலாவியே வாடிக்கையாளரைத் தடுத்துவிடும். இது நல்ல வசதி. தவறு உடனே தெரிவதால் அவருக்கு நேரம் மிச்சம்.

ஆனால் அந்தக் கட்டுப்பாடுகள் ஓடுவது யாருடைய கணினியில்? வாடிக்கையாளருடைய கணினியில். அவர் எஃப்12 விசையை அழுத்தி, பக்கத்தின் நிரலைத் திறந்து, ‘அதிகம் 50’ என்பதை ‘அதிகம் 5000’ என்று மாற்றிவிடலாம். ஊர்ப் பட்டியலில் தாப்பாவை அழித்துவிட்டு தோக்கியோ என்று எழுதலாம். இன்னும் சொன்னால், உங்கள் பக்கத்தைத் திறக்காமலேகூட, ‘கர்ல்’ போன்ற ஒரு கருவியால் நேரடியாக உங்கள் வழங்கிக்குச் செய்தி அனுப்பலாம். வழங்கிக்கு வந்து சேர்வது நீங்கள் அழகாக வடிவமைத்த படிவம் அல்ல. ‘பெயர் = இது, கிலோ = இது’ என்ற எழுத்துச் சரம் மட்டுமே. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, உலாவி அதைச் சரிபார்த்ததா என்பதெல்லாம் வழங்கிக்குத் தெரியாது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். ‘இன்றைக்கு இவ்வளவு’ என்று வெட்டுமரத்துக்காரர் சொல்வதைக் கிராணி அப்படியே புத்தகத்தில் எழுதிவிட மாட்டார். தராசில் நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். ரப்பர் பால் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அடர்த்தி கூடும், காய்ந்த ரப்பரின் விகிதம் குறைவாகக் காட்டும். மரத்தடியில் ஏற்கெனவே யாராவது அளந்திருந்தாலும் ஸ்டோரில் மறுபடி அளப்பார்கள். கணக்கு எழுதும் இடத்தில் அளந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். வழங்கியில் செய்யும் சரிபார்ப்பும் அப்படிப்பட்டதுதான். உலாவியில் அளந்தாலும் வழங்கியில் மறுபடி அளக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு கட்டமாக அளப்போம்.

ஐந்து இலக்கம் என்றால் என்ன?

பீடோரின் அஞ்சல் குறியீடு 35500. மலேசியாவில் எல்லா அஞ்சல் குறியீடுகளும் ஐந்து இலக்கம். எளிய வேலைதானே என்று இரண்டு சோதனைகள் வைக்கிறீர்கள்: ‘இது எண்ணா?’, ‘நீளம் ஐந்தா?’ பிஎச்பி மொழியில் ‘இஸ்_நியூமெரிக்’ என்ற செயல்கூறு முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்.

இப்போது ஒருவர் 355 என்று தட்டி, அடுத்து ஆங்கில ‘இ’ எழுத்தைத் தட்டி, அடுத்து 2 தட்டுகிறார். மொத்தம் ஐந்து எழுத்துகள். எண்ணா என்று கேட்டால் ‘ஆம்’ என்கிறது பிஎச்பி. ஏன்? மிகப் பெரிய எண்களை எழுதும் அறிவியல் குறிமுறை உங்களுக்குத் தெரியும். நடுவில் வரும் ‘இ’க்குப் பொருள், ‘பத்தின் அடுக்கால் பெருக்கு’ என்பது. 355-ஐப் பத்தின் இரண்டாம் அடுக்கால் பெருக்கினால் 35500. வேடிக்கை பாருங்கள், கணக்குப்படி அது பீடோரேதான்! ஆனால் அஞ்சல் ஊழியர் உறையின் மேல் அதைப் பார்த்தால் தலையைச் சொறிவார். ‘-3550’ என்பதும் ‘35.50’ என்பதும் இதே இரண்டு சோதனைகளில் தேறிவிடும்.

பிழை எங்கே என்றால், அஞ்சல் குறியீடு ஓர் எண் என்று நாம் நினைத்ததில்தான். அதைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. அது இலக்கங்களால் ஆன ஒரு பெயர். பெர்லிஸ் மாநிலத்தின் கங்கார் நகருக்கு 01000. இதை எண்ணாக மாற்றிச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 1000 ஆகிவிடும். பொட்டலமும் எங்காவது போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: ‘0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் மட்டும், சரியாக ஐந்து, முன்னும் பின்னும் வேறு எதுவும் இல்லையா?’ சேமிக்கும்போதும் எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணும் இதே குடும்பம். ஆனால் அதை ஒருவர் 012 என்று தொடங்குவார், இன்னொருவர் +60 போட்டு 12 என்று தொடர்வார், மூன்றாமவர் நடுவில் கோடு போடுவார், நான்காமவர் இடைவெளி விடுவார். நால்வரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கோடு போட்டார் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது சோம்பல். கோட்டையும் இடைவெளியையும் நீக்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது இரண்டு வரி நிரல்தான். அதன் பிறகு சரிபாருங்கள். 011 என்று தொடங்கும் கைப்பேசி எண்களுக்கு மொத்தம் 11 இலக்கம், மற்றவற்றுக்கு 10 என்பதையும் மறக்க வேண்டாம். ‘பத்து இலக்கம்தான்’ என்று எழுதிவைத்த பழைய படிவங்கள் 011 எண்காரர்களை வெளியே நிறுத்தியிருக்கின்றன.

‘எத்தனை கிலோ’ கட்டம் மட்டும்தான் உண்மையில் எண். இங்கே வரம்பு முக்கியம். ஒருவர் -3 என்று அனுப்பினால்? கிலோ 8 வெள்ளி என்று வைத்தால், மொத்தம் கழித்தல் 24 வெள்ளி. உங்கள் நிரல் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினால், அத்தைதான் அவருக்குப் பணம் தர வேண்டியதாகிவிடும். இன்னொரு பொறியும் உண்டு. புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் விலையையும் படிவத்துக்குள்ளேயே ஒரு மறைந்த கட்டத்தில் வைத்து அனுப்புவார்கள். திரையில் தெரியாததால் பத்திரம் என்று நினைப்பு. எஃப்12 அழுத்துகிறவருக்கு எதுவும் மறைவு இல்லை. 8 வெள்ளியை 8 காசு ஆக்கிவிடுவார். விலையை வாடிக்கையாளரிடம் கேட்கவே கூடாது. அது உங்கள் தரவுத்தளத்தில் இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள். ஊர்ப் பட்டியலும் அப்படியே. வந்த பெயர் உங்களிடம் உள்ள மூன்றில் ஒன்றா என்று வழங்கியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டை எண் சொல்வதும் சொல்லாததும்

கொய்யா வாங்க அடையாள அட்டை எண் எதற்கு? தேவையில்லை, ஆகவே கேட்காதீர்கள். கேட்காத தகவலைச் சரிபார்க்கவும் வேண்டாம், பூட்டிக் காக்கவும் வேண்டாம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தேவைக்கு அதிகமாகத் தகவல் திரட்டுவது வணிகர்களுக்கு வெறும் மரியாதைக் குறைவு மட்டும் அல்ல.

ஆனால் உபகாரச் சம்பளப் படிவத்துக்கு அது தேவைதான். 12 இலக்கம் கொண்ட அந்த எண்ணில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இவ்வளவு தெரிந்தால் நல்ல சோதனைகள் வைக்கலாம். 080230 என்று தொடங்கினால் பிப்ரவரி 30, அப்படி ஒரு நாள் இல்லை. 000229? ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் அது 1900ஆகவும் இருக்கலாம், 2000ஆகவும் இருக்கலாம். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் நெட்டாண்டு. எனவே 1900இல் பிப்ரவரி 29 இல்லை, 2000இல் உண்டு. இந்தக் கணக்கைச் சரியாகப் போடாத நிரல், 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29இல் பிறந்த ஒருவரிடம் ‘நீ பிறக்கவே இல்லை’ என்று சொல்லிவிடும்.

பிறந்த இடக் குறியீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் 01 முதல் 16 வரை என்று படித்துவிட்டு, 16க்கு மேல் வந்தால் மறுத்துவிடலாம் என்று தோன்றும். பேராக்குக்கே 36 முதல் 39 வரை வேறு குறியீடுகளும் உண்டு. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. அரைகுறையாகத் தெரிந்த விதியை நிரலில் எழுதுவதைவிட, அந்த விதியை எழுதாமல் விடுவது மேல். பீடோரில் வசிக்கும் ஒருவர் கோலாலம்பூர் மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர் எண்ணில் 14 இருக்கும். அதை வைத்து ‘நீ பேராக் மாணவன் இல்லை’ என்று முடிவு கட்டவும் கூடாது.

எல்லாச் சோதனையிலும் தேறிய எண், பக்கத்து வீட்டுக்காரருடைய எண்ணாக இருக்கலாம். வடிவம் சரியா என்று பார்ப்பது ஒரு வேலை. தகவல் உண்மையா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைப் படிவத்தால் செய்ய முடியாது. அதற்கு ஆவணம் வேண்டும், மனிதர் வேண்டும். பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் பல ஆண்டுகளாக அலையும் குடும்பங்கள் நம் சமூகத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ‘இந்தக் கட்டம் கட்டாயம்’ என்ற சொல்லை நிரலில் எழுதுமுன் அவர்களையும் நினைத்துப் பாருங்கள். ‘எண் இல்லை என்றால் இந்த அலுவலரைத் தொடர்புகொள்ளவும்’ என்ற ஒரு வரியாவது இருக்கட்டும்.

பெயர்

எல்லாக் கட்டங்களிலும் கடினமானது இதுதான். இலக்கத்துக்கு விதி உண்டு, பெயருக்கு விதி இல்லை. ‘ஆங்கில எழுத்தும் இடைவெளியும் மட்டும்’ என்ற விதி நம் நாட்டில் யார் யாரை வெளியே தள்ளும் என்று பாருங்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ போடும் நம்மை. பெயருக்கு நடுவில் ‘@’ போட்டு இன்னொரு பெயரையும் சேர்த்து எழுதும் மலாய்க்காரர், சீனர் பலரை. டி'குரூஸ் என்று மேற்கோள் குறியோடு எழுதும் கத்தோலிக்கரை. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பவரை. ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கட்டாயமாக்கினால், குடும்பப் பெயரே இல்லாத தமிழர் என்ன எழுதுவார்? அப்பா பெயரைத்தான். பிறகு கடிதம் அப்பா பெயருக்கு வரும். ஒரே கட்டம் போதும்: ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்’.

நீளமும் அப்படித்தான். சிவசுப்ரமணியம் ஏ/எல் பாலசுப்ரமணியம் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால், இடைவெளிகளையும் சேர்த்து 35 எழுத்து வரும். 30 எழுத்துக்கு மேல் தட்ட விடாத படிவங்கள் இன்றும் இருக்கின்றன.

தமிழிலேயே பெயர் எழுத விட்டால் இன்னொரு சுவையான சிக்கல் வரும். ‘பீடோர்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பீ, டோ, ர் என்று மூன்று என்பீர்கள். யூனிகோட் முறையில் கணினி அதை ப, ‘ீ’, ட, ‘ோ’, ர, புள்ளி என்று ஆறு குறியீடுகளாக வைத்திருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஆக மொத்தம் 18 பைட்டு. பிஎச்பியின் ‘ஸ்டிரெலன்’ நீளம் 18 என்று சொல்லும். ‘எம்பி_ஸ்டிரெலன்’ 6 என்று சொல்லும். தமிழாசிரியர் 3 என்று சொல்வார். மூவரும் சரியே! எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் ‘30க்கு மேல் கூடாது’ என்று எழுதினால், தமிழில் பெயர் எழுதுகிறவருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் கிடைக்கும்.

இது போதாதென்று, ‘ோ’ என்ற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ே’, ‘ா’ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் இரண்டாவது வகையில் பீடோர் 7 குறியீடு, 21 பைட்டு. முதல் வகையில் சேமித்துவிட்டு இரண்டாவது வகையில் தேடினால், ‘அப்படி ஊரே இல்லை’ என்று பதில் வரலாம். இதற்காகத்தான் யூனிகோடில் ‘என்எஃப்சி’ என்ற சீராக்கும் முறை இருக்கிறது. உள்ளே வரும்போதே ஒரே வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

‘எந்த மொழி எழுத்தானாலும் ஏற்றுக்கொள்’ என்று ஒரு வடிவச் சோதனை எழுதுகிறவர்களும் தமிழில் தடுக்கி விழுவதுண்டு. யூனிகோட் கணக்கில் ப, ட, ர மூன்றும் ‘எழுத்து’ வகை. ஆனால் ‘ீ’, ‘ோ’, புள்ளி மூன்றும் ‘சேர்குறி’ என்ற வேறு வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ‘படம்’கூட உள்ளே வராது, கடைசியில் புள்ளி இருக்கிறதே! சேர்குறியையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும்.

அப்படியானால் பெயரில் எதைத்தான் சோதிப்பது? முன்னும் பின்னும் உள்ள வெற்று இடைவெளிகளை நீக்குங்கள். நீக்கிய பிறகு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் இடைவெளியைத் தட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. தாராளமாக ஒரு நீள வரம்பு வையுங்கள், நூறு, இருநூறு என்று. வரி முறிப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளை மறுத்துவிடுங்கள். பெயருக்கு இவ்வளவு போதும் என்பதே என் கருத்து.

மேற்கோள் குறி ஆபத்தில்லையா?

கேட்பீர்கள் என்று தெரியும். பெயரில் மேற்கோள் குறியை அனுமதித்தால் ஊடுருவிகள் புகுந்துவிட மாட்டார்களா? அந்தப் பயத்தில்தான் பல நிரலாளர்கள் சாய்கோட்டையும் மேற்கோளையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. தரவுத்தளத்துக்கு எஸ்கியூஎல் மொழியில் கட்டளை அனுப்புகிறோம். தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

ஆர்டர்களைக் காட்டு, பெயர் = 'டி'குரூஸ்'

முதல் மேற்கோள் குறி பெயரைத் தொடங்குகிறது. ‘டி’க்குப் பின் வரும் குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்தது என்று தரவுத்தளம் நினைக்கிறது. மிச்சமுள்ள ‘குரூஸ்’ என்ன கட்டளை என்று புரியாமல் நின்றுவிடுகிறது. டி'குரூஸ் பாவம், தெரியாமல் செய்தார். தெரிந்தே செய்கிறவர் பெயர்க் கட்டத்தில் ' அல்லது '1'='1 என்று தட்டுவார். கட்டளை இப்படி மாறிவிடும்:

ஆர்டர்களைக் காட்டு, பெயர் = '' அல்லது '1'='1'

ஒன்று எப்போதும் ஒன்றுக்குச் சமம்தானே? ஆகவே எல்லா வாடிக்கையாளர்களின் ஆர்டர்களும் வெளியே கொட்டும். 1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்ற இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் இந்த வழியை விளக்கி எழுதினார். அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் ‘டாக்டாக்’ தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து இதே வழியில் 156,959 வாடிக்கையாளர்களின் தகவல்கள் திருடப்பட்டன. மறந்துபோன பழைய வலைப்பக்கங்களில் ஓட்டை இருந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம். தாக்குதலில் தன் பங்கை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்களில் ஒருவருக்கு வயது 17.

சரி, இதற்கு மருந்து என்ன? மேற்கோள் குறியைத் தடுப்பது அல்ல. கட்டளையையும் தகவலையும் ஒரே சரமாக ஒட்டியதுதான் நோய். ஆகவே பிரித்து அனுப்புங்கள். ‘ஆர்டர்களைக் காட்டு, பெயர் = ?’ என்று கேள்விக்குறியோடு கட்டளையை முதலில் தரவுத்தளத்திடம் கொடுத்துவிட வேண்டும். அது கட்டளையைப் புரிந்துகொண்ட பிறகு, பெயரைத் தனியே கொடுக்க வேண்டும். பின்னால் வருவதில் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் அது வெறும் பெயர்தான், கட்டளையாக மாற வழியே இல்லை. இதற்குப் ‘பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட்’ என்று பெயர். பிஎச்பியிலும் பைத்தானிலும் ஜாவாவிலும் உண்டு. டி'குரூசும் உள்ளே வரலாம், திருடனும் தோற்றுப்போவான்.

ஆபத்தான சொற்களைத் தடுக்கும் பட்டியல் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு இன்னொரு கதை. 2005 அக்டோபரில் ‘மைஸ்பேஸ்’ தளத்தில், சேமி கம்கர் என்ற 19 வயது இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு சிறு நிரலைப் புகுத்தினார். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவரின் நண்பர் பட்டியலில் சேமி தானாகவே சேர்ந்துவிடுவார். பார்த்தவரின் பக்கத்துக்கும் அந்த நிரல் தொற்றிக்கொள்ளும். 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர்! மைஸ்பேஸ் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைத் தடுத்துத்தான் வைத்திருந்தது. சேமி அதை ‘ஜாவா’ என்று ஒரு வரியிலும் ‘ஸ்கிரிப்ட்’ என்று அடுத்த வரியிலும் உடைத்து எழுதினார். தடுப்புப் பட்டியல் கண்டுகொள்ளவில்லை. சில உலாவிகள் இரண்டையும் சேர்த்துப் படித்து ஓட்டிவிட்டன.

இங்கேயும் மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் தட்டியதை இன்னொருவரின் திரையில் காட்டும்போது, ‘<’ போன்ற குறிகளை உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றி அனுப்ப வேண்டும். பிஎச்பியில் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ அந்த வேலையைச் செய்யும். ஆனால் அதைக் காட்டும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். அவசரப்பட்டுச் சேமிக்கும்போதே மாற்றிவிட்டால், கொய்யாப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் டி&#039;குரூஸ் என்று அச்சாகும். இப்படிப்பட்ட விலாசச் சீட்டுகளை நீங்களும் பார்த்திருக்கலாம். எங்கே தவறு நடந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

மறுக்க வேண்டி வந்தால் எப்படி மறுப்பது என்பதிலும் பண்பு உண்டு. ‘செல்லாத உள்ளீடு’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. ‘அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கமாக இருக்க வேண்டும், நீங்கள் தட்டியது நான்கு’ என்று சொல்லுங்கள். எல்லாத் தவறுகளையும் ஒரே தடவையில் காட்டுங்கள். முக்கியமாக, சரியாக நிரப்பிய மற்ற கட்டங்களை அழித்துவிடாதீர்கள். இரவு 11 மணிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டச் சொல்வது கொடுமை.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் கணினியிலேயே ஒரு சிறிய படிவம் எழுதி, அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்பிப் பாருங்கள். உங்கள் சொந்தப் படிவத்தில் மட்டும்! அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி நுழைய முயல்வது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்.

அஞ்சல் குறியீட்டில் 01000 அனுப்பிச் சேமியுங்கள். திரும்ப எடுக்கும்போது பூஜ்யம் இருக்கிறதா? கிலோவில் 0, -3, 2.5 மூன்றையும் அனுப்புங்கள். (இரண்டரை கிலோ கேட்டால் ஏற்பதா, வேண்டாமா என்று அத்தையைத்தான் கேட்க வேண்டும், கணினி அதை முடிவு செய்யாது.) எஃப்12 அழுத்தி, ஊர்ப் பட்டியலில் தோக்கியோவைச் சேர்த்து அனுப்புங்கள். பெயர்க் கட்டத்தில் நான்கு இடைவெளி மட்டும் தட்டி அனுப்புங்கள். பிறகு டி'குரூஸ் அனுப்புங்கள். கடைசியாக உங்கள் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடி, ஒரு குறியும் விடாமல் அனுப்பி, தரவுத்தளத்திலிருந்து திரும்ப எடுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.